பொடி கலக்காத தண்ணீர்

தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தடவை பார்த்தாள் டீச்சர். நூற்றி ஒன்று. மாமனாருக்கு மறுபடியும் காய்ச்சல்.

"எவ்வளவு?" பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார் கணவர்.

"நூத்தியொண்ணுங்க."

"அதானே பார்த்தேன். அப்பாவைப் பார்த்துக்க அந்த சிஸ்டர் வந்து இருபது நாள் ஆச்சு. அப்பாவுக்கு இருமல் வந்தும் அதே இருபது நாள்தான். ஆளை வெச்சே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நின்னியே, இப்ப நீயே பதில் சொல்லு. பாப்பா கம்பெனிக்குப் புகார் பண்ணிட்டா. பத்து மணிக்கு அவங்க மேலதிகாரி வர்றாங்களாம்."

பாப்பா என்பது அவருடைய தங்கை. நாற்பத்தோரு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஆபீஸில் பத்துப் பேரை மேய்க்கிறவள். ஆனாலும் இந்த வீட்டுக்குள் காலடி வைத்துவிட்டால் அவள் பாப்பாதான்.

டீச்சர் தெர்மாமீட்டரை உதறி உறையில் போட்டாள். பள்ளிக்கூட வேலையை விட்டு நாலு வருஷமாகியும் ஊர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. மாமனாருக்குப் பக்கவாதம் வந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து தூக்குவது, புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது முதுகில் மளுக்கென்று ஒரு சத்தம். இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ள நர்ஸ் அனுப்புகிற கம்பெனியில் ஆள் கேட்டார்கள். அதற்கே பாப்பா, "எங்கப்பா உங்களுக்குப் பாரமாயிட்டாரா அண்ணி?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வி டீச்சருக்கு இன்னும் செரிக்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, டீச்சருக்கும் சிஸ்டர் மேல் சந்தேகம்தான். மாமனாருக்கு விழுங்குகிற தசை பலவீனம். தண்ணீரோ காப்பியோ, எதுவானாலும் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கி ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீர் கொடுத்தால் அது வழி தவறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒரு தடவை நிமோனியா வந்து பிழைத்தாயிற்று, இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்படியிருக்க இருமல் எப்படி வரும்? வேலை மிச்சம் என்று சிஸ்டர் பொடி போடாமல் கொடுக்கிறாளோ? டீச்சர் பொடி டப்பாவின் வெளிப்பக்கம் பென்சிலால் தினமும் ஒரு கோடு போட்டு வைத்தாள். பொடி சரியாகக் குறைந்துகொண்டே வந்தது. அப்போதும் மனசு ஆறவில்லை. பொடியை எடுத்துக் கொட்டிவிடுகிறாளோ? போன வாரம் சிஸ்டர் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து அவள் பையைத் திறந்து துழாவினாள். ஒரு துண்டு, கையுறைப் பாக்கெட், பாதி கடித்த பன். நிமிர்ந்தால் சிஸ்டர் பின்னாலேயே நிற்கிறாள்.

"எதையாவது காணோமாம்மா?"

"இல்ல... சும்மா."

சிஸ்டர் பையை மூடி ஓரமாக வைத்துவிட்டு மாமனாரிடம் போனாள். டீச்சர்தான் கூனிக் குறுகிப் போனாள். ஆனாலும் சந்தேகம் போகவில்லை, இடம்தான் மாறியது. அன்றிலிருந்து வீட்டில் எல்லார் கையையும் கவனிக்க ஆரம்பித்தாள்.

பத்து மணிக்கு மேற்பார்வை நர்ஸ் வந்து ஹாலில் உட்கார்ந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் சிஸ்டரின் நோட்டு. பாப்பா பொரிந்து தள்ளினாள்.

"எப்பப் பாத்தாலும் எங்கப்பா வாய் காஞ்சு கெடக்கு. பசை மாதிரி எதையோ கிண்டி வாய்ல அப்பறாங்க. இவங்கள மாத்துங்க. இல்லேன்னா நான் விடமாட்டேன்."

"சிஸ்டர், நீங்க என்ன சொல்றீங்க?"

சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. "நான் ஊட்டும்போது அவர் இருமறதில்லைங்க. மத்தியானம் நான் சாப்பிட்டுட்டு வந்தா, சில நாள் தொண்டை கொடகொடங்குது. சட்டைக் காலர் நனைஞ்சிருக்கு. பொடி கலந்த தண்ணி சிந்தினா துணியில வழவழன்னு ஒட்டும். இது வெறும் தண்ணி. இந்த வீட்ல யாரோ குடுக்கறாங்க. எந்தெந்த நாள்னு எழுதியிருக்கேன்."

"எங்க வீட்டு ஆளுங்க மேலயே பழியா?" கணவர் எழுந்துவிட்டார். "வாங்க, அப்பாவையே கேட்டுடுவோம். அவருக்குப் பேச்சுதான் குழறுது. புத்தி தெளிவாத்தான் இருக்கு."

எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "அப்பா, உங்களுக்கு டம்ளர்ல தண்ணி குடுத்தது யாரு?"

கிழவர் மகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு நல்லாயிருந்த கையை மெல்லத் தூக்கி மருமகளைக் காட்டினார்.

டீச்சர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மாமா..."

"நீயா?" கணவரின் குரல் உடைந்தது. "முடியலேன்னா முடியலேன்னு சொல்லியிருக்கலாமே. இப்படியா ஒரேயடியா அவரை முடிச்சுடப் பாப்பே?"

நாலு வருஷம். இந்த நாலு வருஷத்துக்கு இதுவா கூலி? அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். வாய் ஓயாத பாப்பா இப்போதுதான் அண்ணியைப் பிடித்துக் குதறியிருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தில் ஈயாடவில்லை. சிஸ்டரைச் சாப்பிட அனுப்பிவிட்டு அப்பாவோடு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவள் அவள்தான். முதுகு வலிக்கு மாத்திரை போட்டுவிட்டு டீச்சர் படுத்திருக்கிற நேரம் அது. டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொன்னால் யார் நம்புவார்கள்? மாமனாரே கை காட்டிவிட்டாரே.

"நான் குடுக்கலைங்க." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"அம்மா குடுத்திருக்க மாட்டாங்க," என்றாள் சிஸ்டர். "டப்பாவில தினமும் கோடு போட்டு என்னை வேவு பார்த்தவங்க இவங்க. என் பையைக் கூடத் தொறந்து பார்த்தாங்க. தானே தண்ணி குடுக்கறவங்க, இன்னொருத்தர்கிட்ட அதை ஏங்க தேடணும்?"

மேற்பார்வை நர்ஸ் நோட்டின் பக்கத்தைத் திருப்பினார். "செவ்வாய், வெள்ளி. மறுபடி செவ்வாய், வெள்ளி. இந்த ரெண்டு நாளும் மத்தியானம் இங்க வர்றது யாரு?"

பாப்பா அப்படியே கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் அண்ணா... அப்பா தண்ணி தண்ணின்னு கெஞ்சினாரு. டம்ளரைப் பார்த்தா அவர் மொகம் எப்படி மலரும் தெரியுமா? ரெண்டு வாய்தானே, அது என்ன பண்ணிடும்னு நெனைச்சேன். தண்ணி கூடக் குடுக்காம எங்கப்பாவ வதைக்கறாங்கன்னு..." என்று சொல்லி, அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அழறதெல்லாம் அப்புறம்," என்று நர்ஸ் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். "நெஞ்சுல சளி கட்டியிருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னும் கை மீறலை."

கணவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓடினார். டீச்சர் மாமனாரின் தலைமாட்டில் குனிந்தாள். "என்னை எதுக்கு மாமா காட்டினீங்க?"

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வார்த்தை ஒவ்வொன்றாகக் குழறி வந்தது. "அவளச் சொன்னா... அவ வர மாட்டா. நீ... போக மாட்டே."

டீச்சர் அந்த வார்த்தையைக் கேட்டு அங்கேயே நின்றாள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏழாம் நாள் மாமனார் பிழைத்து வீடு வந்தார். அன்றைக்கே டீச்சர் ஒரு பையில் நாலு புடவைகளை எடுத்து வைத்தாள். முதல் வேலையாக சிஸ்டரிடம் போனாள். "உங்க பையைத் தொட்டது தப்பு. மன்னிச்சிடுங்க."

"மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சும்மா," என்றாள் சிஸ்டர். "ஆனா மன்னிப்புக் கேக்க வந்தீங்களே, அது போதும்."

பாப்பா பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்க, காப்பியில் பொடியை அளந்து போட்டுக் கட்டி தட்டாமல் கலக்கிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். "நான் பாத்துக்கறேன் அண்ணி. உங்களக் கேட்ட அந்தக் கேள்விக்கு என் நாக்கு..."

"விடு பாப்பா. அவருக்கு ஊட்டு, ஆறிடும்."

கட்டிலருகே போய் நின்றாள். "மாமா, பத்து நாள் எங்கக்கா வீட்டுக்குப் போறேன்."

மாமனார் திடுக்கிட்டு அவள் கையைப் பற்றினார். "வருவியா?"

"வருவேன். ஆனா நான் போக மாட்டேன்னு மட்டும் இனிமே நெனைக்காதீங்க. எனக்கும் போகத் தெரியும் மாமா. இத்தனை நாள் இருந்தேன்னா, அது நானா இருந்தது."

கணவர் அவள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.