பாலத்தின் சம்மதம்

செவ்வாயில் எந்தச் சக்கரமும் சாலையைக் கேட்காமல் உருளாது. காலையில் வண்டியை எழுப்பியதும் அது தன் எடையையும் சுமையையும் சாலைக்குச் சொல்லும். சாலை "வரலாம்" என்றால்தான் சக்கரப்பூட்டு கழலும். தரைக்கடியில் பழைய எரிமலைக் குகைகள் கூடாகக் கிடந்ததால் வந்த ஏற்பாடு அது. வழியெங்கும் பதித்த உணரிழைகளையும் அவற்றை ஆளும் இயந்திர மூளையையும் சேர்த்து ஓட்டுநர்கள் 'சாலை' என்றே சொன்னார்கள்.

பேச்சியம்மாளின் சுமையூர்திக்கு முன்அனுமதி உண்டு. செம்பள்ளம் சுரங்கக் குடியிருப்புக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி அது. அன்று அதில் தண்ணீர் இல்லை. மூச்சுக்காற்று தயாரிக்கும் காற்றாக்கி இருந்தது. செம்பள்ளத்தின் காற்றாக்கி வெடித்துவிட்டது. அங்கே அவளுடைய அக்கா கோமதியும் மற்றக் குடும்பங்களும் கலன்களில் மிஞ்சிய காற்றைப் பங்குபோட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். புழுதிப் புயலில் எந்த விமானமும் கிளம்பவில்லை.

"தண்ணிக்குக் குடுத்த அனுமதி இதுக்குச் செல்லாதாம்," என்றார் சாவடி அதிகாரி தனசிங். "எடை கூடுதலாம். செம்பள்ளத்துக்குப் போற பாலம் தாங்குமான்னு ஆராயணுமாம்."

"தாங்குமா, தாங்காதா?"

"தாராளமா தாங்கும்மா. பாலத்தச் சோதிச்சதே நான்தான். ஆனா நான் சொன்னா அது கேக்காது."

வானொலியில் கோமதியின் குரல் கரகரத்தது.

"ஏட்டி பேச்சி, கெளம்பிட்டியா?"

வண்டி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பேச்சியம்மாள் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"வந்துக்கிட்டே இருக்கேன்க்கா."

"மெதுவா வா. புள்ளைகள எல்லாம் தூங்க வச்சிருக்கோம். தூங்குனா காத்து கொஞ்சமாத்தான் செலவாகும்."

பேச்சியம்மாள் சும்மா இருக்கவில்லை. வண்டியின் பளுதூக்கிக் கையைக் கழற்றி எறிந்தாள். உதிரிச் சக்கரங்களை உருட்டித் தள்ளினாள். தனசிங்கும் மூச்சிரைக்க உதவினார். எடை குறைந்ததும் சாலையைக் கேட்டாள்.

"வாகனத்தின் அமைப்பு மாறியிருக்கிறது," என்றது சாலை. "பழைய விண்ணப்பம் ரத்தாகிறது. புதிய விண்ணப்பம் முதலிலிருந்து ஆராயப்படும்."

அவள் கடப்பாரையை எடுத்துச் சக்கரப்பூட்டை அடித்தாள். கை மரத்துப்போகும்வரை அடித்தாள். பூட்டு சப்பளிந்ததே தவிர விடவில்லை. வண்டிக்குள் வந்து உட்கார்ந்தபோது வானொலியில் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. எங்கே வந்திருக்கிறாய் என்று கோமதி கேட்கவில்லை. பேச்சியம்மாள் தானாகவே, "பாலத்துக்கிட்ட வந்துட்டேன்க்கா," என்றாள். பிறகு "பாலத்தத் தாண்டிட்டேன்," என்றாள்.

அனுமதி வந்தபோது செம்பள்ளத்தில் காற்று தேவைப்படுகிறவர் யாரும் இல்லை. பெறுநர் இல்லாததால் அந்த அனுமதியையும் சாலையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

புயல் அடங்கியதும் தலைநகரத்திலிருந்து தலைவர்களோடு கருங்கல் தூண் ஒன்றும் வந்து இறங்கியது. இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுத்தூண். காற்றாக்கியைப்போல இரண்டு மடங்கு எடை. அதை ஏற்றிப்போக அந்தப் பக்கத்தில் பேச்சியம்மாளின் வண்டியைவிட்டால் வேறில்லை. அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிடலாம் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

"இது போகாது சார்," என்றாள் தனசிங்கிடம். "நீங்க வேணா பாருங்க."

வண்டியை எழுப்பினாள். புதிதாக மாட்டிய பூட்டு உடனே கழன்றது.

"வரலாம்," என்றது சாலை.

பேச்சியம்மாள் வண்டியை எடுக்கவில்லை. "இதுக்கு எடை பாக்கலியா? பாலத்த ஆராயலியா?"

"இரங்கல் வாகனங்களுக்கு நிரந்தர முன்அனுமதி உண்டு. தலைவர்கள் அஞ்சலி செலுத்தத் தாமதமாகக் கூடாது என்று, சாலை போட்ட அன்றே மனிதர்கள் கேட்டு வாங்கிய விதி. பாலத்தையும் அந்தச் சுமைக்கேற்பத்தான் கட்டினார்கள்."

"உசுரோட இருக்கவங்களுக்கு?"

சாலை தன் நினைவகம் முழுவதையும் தேடியது.

"அப்படி ஒரு விதியை இதுவரை யாரும் கேட்கவில்லை," என்றது. "விண்ணப்பிக்க விரும்புகிறீர்களா?"

பின்னால் தலைவர்களின் வண்டிகள் வழிவிடச் சொல்லி ஒலியெழுப்பத் தொடங்கின.