பவானி வீட்டுச் சுவர்

திருவொற்றியூர் மீனவர் குடியிருப்புக்கு சௌமியா மறுபடி வந்தபோது பிற்பகல்தான். ஆனால் மேகம் தாழ இறங்கி, மாடிப்படி முழுக்க இருட்டு வந்து உட்கார்ந்திருந்தது. கரண்டும் இல்லை. உப்பும் ஈரச் சிமென்ட்டும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

அவள் கட்டடப் பொறியியலில் ஆராய்ச்சி செய்கிறவள். இந்தக் கரையோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. அந்த உப்பு அஸ்திவாரம் வழியே சுவரேறி, உள்ளிருக்கும் கம்பியைத் தின்றுகொண்டிருக்கிறது. வெளியே பார்த்தால் சுண்ணாம்படித்து ஜம்மென்று நிற்கும். சுத்தியால் தட்டிக் கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

கோடையில் வந்தபோதே அது வெளிப்பட்டுவிட்டது. அன்று வீட்டுக்காரி பவானி, "சொவுரு நல்லா கீதாம்மா?" என்று கேட்டாள். "இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள் சௌமியா. கட்டுரை வெளிவரும்வரை குடியிருப்பவர்களிடம் மூச்சுவிடக் கூடாது என்பது பேராசிரியரின் உத்தரவு. ஐப்பசி மழையில் கூரை பெயர்ந்து பவானியின் மேல் விழுந்தது. செய்தியைப் படித்த நாளிலிருந்து சௌமியாவுக்குக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசியது.

இப்போது பவானியின் வீட்டில் பூட்டு தொங்கியது. அதை ஒட்டிய சுவரைச் சோதித்து வரச்சொல்லி பேராசிரியர் அனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டு மங்கை கதவைத் திறந்து, முதல் காரியமாக ஈரத் தலைக்குத் துண்டு கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சௌமியாவுக்கு.

மங்கையின் மகள் மோகனப்ரியா காய்ச்சலோடு சுவரோரமாகப் பாயில் படுத்திருந்தாள். அவளுக்கு மேலே சௌமியா சுத்தியால் தட்டினாள்.

டொப்.

உள்ளே காலி. கையை நகர்த்தித் தட்டினாள். அங்கேயும் காலி. இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினாள். அதே சத்தம்தான்.

டொப்.

இந்த முறை அவள் தட்டவில்லை.

சுத்தி அந்தரத்திலேயே நின்றது. "அக்கா, அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களா?"

மங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பவானி. நாங்க ஒர்த்திய ஒர்த்தி கூப்டணும்னா சொவுத்ததான் தட்டுவோம். எத்தினி வருசப் பயக்கம். நீ தட்டுனல்ல, கூப்டறோம்னு நென்ச்சிகினா."

"அவங்க..."

"செத்துட்டா. அதுக்கு இன்னா?"

மங்கை கிட்டே வந்து குரலைத் தணித்தாள். "சொவுரு நல்லா கீதா கண்ணு? கொயந்த இங்கதான் படுக்குது. வேற எடமில்ல."

உண்மை தொண்டை வரை வந்தது. பேராசிரியரின் முகமும் வாங்கப்போகும் பட்டமும் குறுக்கே வந்து நின்றன. மென்று விழுங்கினாள்.

"நல்லாத்தான் இருக்குக்கா."

டொப். டொப். டொப்.

அவள் தட்டிய அதே இடங்கள். அதே வரிசை.

சிறுமியின் தலைமாட்டில் காரை உதிர்ந்தது. மங்கை சுவரில் உள்ளங்கையை வைத்து, அழுகிற பிள்ளையை அடக்குவதுபோலக் கிசுகிசுத்தாள்.

"சும்மா இருடி பவானி. டெய்லி ஆவாது ஆவாதுன்னு தட்டிகினே கீற. படிச்ச பொண்ணு சொல்லுது பாரு, நல்லா கீதாம்."

செருப்பால் அடித்திருந்தால்கூட சௌமியாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. கூனிக் குறுகிப் போனாள்.

"பொய்க்கா," என்றாள். "உள்ள எல்லாம் போயிடுச்சு. குழந்தையைத் தூக்குங்க. இங்க யாருமே இருக்கக் கூடாது."

மங்கை மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். சௌமியா பின்னாலேயே ஓடினாள்.

தட்டும் சத்தமும் சுவரை விட்டு வெளியே வந்தது.

படியேறியது.

ஒவ்வொரு வீடாகத் தட்டிக்கொண்டே மேலே போனது.

கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஆளாளுக்கு இறங்கி வந்தார்கள். வந்தவர்கள் பார்த்தது, சுத்தியும் கையுமாக நின்ற சௌமியாவைத்தான்.

அவள் சொன்னாள். உப்பைப் பற்றி, கம்பியைப் பற்றி, இனி ஒரு ராத்திரியும் இங்கே தங்கக் கூடாது என்பதைப் பற்றி. தலையைத் தூக்காமலே சொல்லி முடித்தாள். யாரும் கத்தவில்லை. பாயும் பாத்திரமும் மழையில் இறங்கத் தொடங்கின. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேல்வீட்டில் தம்பியோடு தங்கியிருந்த கோதண்டம், பவானியின் புருசன், கடைசியாக இறங்கி வந்தார். பூட்டிய தன் வீட்டுக் கதவருகே நின்று சௌமியாவைப் பார்த்தார்.

"உனுக்கு இது எப்பலேர்ந்து தெரியும்மா?"

மூட்டையோடு போனவர்களும் நின்று திரும்பினார்கள்.

"இன்னிக்குத்தான்," என்றாள் சௌமியா.

பூட்டிய கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.