சுருளுக்குள் ஒரு கை

ஜப்பானியச் சிப்பாயின் வாயில் நுரை இன்னும் காயவில்லை. சயனைடு வாடை!

ஜப்பான்காரன் பிடித்த மலாயா. காஜா பெராங் ஆஸ்பத்திரிக் கொட்டகை. பிணத்தின் அருகே முழங்காலில் நர்ஸ் ஹலீமா மிஸ்ஸி. ஊசி போட்டவள் அவள்தான்.

பளார்!

மொழிபெயர்ப்பாளன் பொன்னுதுரை அறைந்ததில் அவள் உதடு கிழிந்தது.

"ஊசித் தண்ணியில விஷம் கலந்தவ இவதான். பெட்டி பூரா விஷம்."

ஜப்பானியக் கேப்டன் வாளை உருவினான்.

"ஒரு குப்பிய உடைச்சுப் பாக்கலாமே?" என்றான் மூலையில் ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்த ரிப்பேர்க்காரன் கருணாகரன்.

"கடைசிப் பெட்டிடா. உடைக்காமக் கண்டுபிடி. இல்ல, இவ தலை போவும்." கேப்டன் உறுமியதைப் பொன்னுதுரை தமிழில் சொன்னான்.

சுட்டுக்கொண்ட கருணாகரனின் கட்டைவிரலுக்கு நேற்றுக் கட்டுப் போட்டவள் அவள்.

செம்புக் கம்பிச் சுருளை ரேடியோ வால்வோடும் ஒரு மீட்டரோடும் இணைத்தான். உப்புத் தண்ணீர்க் குப்பி ஒன்றை உள்ளே தொங்கவிட்டான். மீட்டர் முள் விழுந்தது.

"சயனைடும் ஒரு உப்புதான். கண்ணாடிக்குள்ள இருந்தே மின்சாரத்த இழுக்கும். சுத்தத் தண்ணி இழுக்காது."

விரல்கட்டிலிருந்து நூல் பிரித்தான். பெட்டிக் குப்பிகளை ஒவ்வொன்றாகக் கட்டி இறக்கினான்.

முள் அசையவில்லை...

"எல்லாம் சுத்தம்."

"பொய்!" பொன்னுதுரை ஒரு குப்பியைப் பறித்து, விரலோடு சுருளுக்குள் நுழைத்தான்.

முள் விழுந்தது!

கேப்டன் ஹலீமாவை உதைத்துத் தள்ளினான். வாள் அவள் கழுத்தில் பதிந்தது. ஒரு கோடு ரத்தம்.

"துவான், பொறுங்க!" கேப்டனுக்குக் கொஞ்சம் மலாய் புரியும். கருணாகரன் மலாயிலேயே கெஞ்சினான். "அவர வெறுங்கைய உள்ள விடச் சொல்லுங்க."

வாள்முனை பொன்னுதுரை பக்கம் திரும்பியது. வெறுங்கை உள்ளே போனது.

முள் அதேபோல் விழுந்தது.

"ரத்தமும் உப்புத் தண்ணிதான், துவான். அதான் நான் நூல்ல கட்டினேன்."

கேப்டன் தன் முஷ்டியையே விட்டுப் பார்த்தான். முள்ளுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை.

ஹலீமா ரத்தம் துப்பிவிட்டு, பொன்னுதுரையைக் காட்டி மலாயில் சொன்னாள். "செத்தவருக்குப் போட்ட குப்பி என் பெட்டியில உள்ளது இல்ல. இவர் என் கையில குடுத்தது. இவர் ஒரு கைதிய அடிச்சுக் கொன்னத நான் பாத்துட்டேன். அதுக்குத்தான் இந்தப் பழி."

பொன்னுதுரை பாய்ந்து ஓடினான்.

வாள் சுழன்றது. வாசலில் துண்டாக விழுந்தது... அதே கை.

அலறல் கேட்டு முதலில் ஓடியவள் ஹலீமா. முக்காட்டைக் கிழித்து மணிக்கட்டை அழுத்தினாள்.

"அடிச்சவனுக்கா, மிஸ்ஸி?" என்றான் கருணாகரன்.

"ரத்தம் நிக்கட்டும், தம்பி. கோவத்த அப்புறம் பட்டுக்கலாம். இன்னும் துணி குடு!"

கருணாகரன் தன் விரலில் மிச்சமிருந்த கட்டையும் அவிழ்த்து நீட்டினான்.

"அடுத்த தடவ கொஞ்சம் தாராளமாச் சுத்துங்க, மிஸ்ஸி. ஒரே கட்டுல எத்தனை உசுரத்தான் காப்பாத்துறது?"