பட்டியலில் மட்டும் இருந்த எஞ்சின்

"நானூத்திப் பதினேழு கெடச்சிருச்சுய்யா!" என்று பொம்மை எஞ்சின் சேகரிக்கும் நண்பர் க்ளிஃபோர்ட் தொலைபேசியில் கத்தியபோது மெர்வினுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படி ஓர் எஞ்சினே உலகத்தில் கிடையாது என்று அவருக்குத் தெரியும். அந்த எண்ணைப் பெற்றுப்போட்டவரே அவர்தான்.

அமெரிக்காவில், அல்டூனா என்ற ஊரில், வீட்டுக்கு அடியிலிருந்த நிலவறையில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருஷமாக அவர் ஒரு பட்டியல் போட்டுவந்தார். எப்போதோ மூடிப்போன பிராண்ட்லி கம்பெனி கையகல டீசல் ரயில் எஞ்சின் பொம்மைகளாகச் செய்து தள்ளியிருந்தது. எந்த வருஷம் எந்த எண், எத்தனை உருப்படி, இன்று எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தது. சேகரிப்பவர்களுக்கு அதுதான் வேதம். எவனாவது அதைத் திருடி அச்சடித்தால் கையும் களவுமாகப் பிடிக்க, நடுவே ஒரு பொய் எண்ணைச் செருகிவைப்பது பட்டியல் போடுகிறவர்களின் பழைய தந்திரம். மெர்வினும் செருகினார்.

பொய் நிற்க வேண்டுமென்றால் அதற்குக் கையும் காலும் வேண்டுமே. என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி டோரீன் மஞ்சள் மழைக்கோட்டோடு படியிறங்கி வந்தாள். பார்த்தார், எழுதிவிட்டார். "எண் 417. பன்னிரண்டே உருப்படி. ஓட்டுநர் அறையில் ஓட்டுநர். பக்கத்தில் மஞ்சள் கோட்டுப் பெண், ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி."

"செத்துப்போன ஒருத்தர் வீட்டு ஏலத்துல எடுத்தேன்யா," என்றார் க்ளிஃபோர்ட். "சீல் பிரிக்காத டப்பா. நீ எழுதுன மாதிரியே மஞ்சக் கோட்டு, கையி, எல்லாம் இருக்கு."

ஒரு வார்த்தை போதும், உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் மற்ற ஆயிரத்து நானூறு எண்ணை எவன் நம்புவான்?

"மச்சம்யா உனக்கு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் டோரீன் முட்டைக்கோஸ் வதக்கிக்கொண்டே, "கழுத்து பிடிச்சுக்கிச்சு மெர்வ். ஜன்னல் பக்கமாவே நிக்குது, திரும்ப மாட்டேங்குது," என்றாள். தைலம் தேய்த்துவிட்டார். கழுத்து சில்லென்று இருந்தது.

அடுத்த வாரம் ஓஹையோவில் ஒன்று கிடைத்ததாகச் செய்தி வந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் இரண்டு. ஆறாவது எஞ்சினை விட மனசில்லாமல் மெர்வினே வாங்கினார். அதன் டப்பாவைப் பிரித்ததிலிருந்து நிலவறையிலிருந்து புதுப் பெயின்ட் வாசனையும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் படியேறி, சமையலறையைத் தாண்டி, படுக்கைவரை வந்து தலையணையில் படுத்துக்கொண்டன. யாரும் இயக்காத தண்டவாளத்தில் சின்ன மோட்டார் ஒன்று முனகுவதுபோல் பகலெல்லாம் ஒரு சத்தம் கேட்டது. அவர் இறங்கிப்போனால் நின்றது. ஏறிவந்தால் மறுபடி முனகியது.

டோரீனின் இடது கை தோளுக்கு மேல் தூக்கியபடி நின்றுபோனது. டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

"போக்குவரத்து போலீஸ் மாதிரி ஆயிட்டேன் பாரு," என்று சிரித்தாள் அவள். "தெருவுல கார் எல்லாம் நின்னுடப் போவுது." அந்தச் சிரிப்பைக் கேட்க மெர்வினுக்குத் தாங்கவில்லை.

ஒன்பதாவதையும் அவர்தான் வாங்கினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மஞ்சள் கோட்டுப் பெண்ணின் உதட்டோரம் ஒரு மச்சம், டோரீனுக்கு இருப்பதுபோலவே.

மச்சத்தை அவர் எழுதவேயில்லை.

அன்றே பட்டியலிலிருந்து 417ஐ அடித்தார். அடித்து என்ன பயன்? நாடெங்கும் அதை நகலெடுத்திருந்தார்கள். அவர் வைத்த பொறியில் எல்லோரும் விழுந்திருந்தார்கள். பன்னிரண்டோடு முடிந்துவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். பன்னிரண்டுதானே எழுதினோம்?

பன்னிரண்டாவது கிடைத்த அன்று டோரீனுக்குப் பேச்சு நின்றது. மெர்வின் க்ளிஃபோர்ட்டைக் கூப்பிட்டார்.

"அது பொய்யி. அந்த எஞ்சின் கெடையாது. நான் கட்டிவிட்டது. எல்லாருக்கும் சொல்லிடு. எல்லாத்தையும் உடைக்கச் சொல்லு!"

க்ளிஃபோர்ட் விழுந்து விழுந்து சிரித்தார். "பொய்யா? உம் பொய்யி என் மேஜைல உக்காந்திருக்குய்யா. சரி, சேதி தெரியுமா? பிராண்ட்லியோட பழைய வார்ப்பு அச்சு எல்லாம் ஒருத்தன் வாங்கியிருக்கான். அதுல நானூத்திப் பதினேழோட அச்சும் இருந்துச்சாம். மறுபடியும் அதுல வார்த்துட்டான். அஞ்சாயிரம் உருப்படி. இனிமே எந்தக் கடையில கேட்டாலும் கெடைக்கும்."

"எப்போ?"

"இன்னைக்குக் காலையில லாரி கெளம்பிருச்சே."

மெர்வின் படியேறினார். மத்தியான வெயில் சமையலறையில் கொட்டிக் கிடந்தது. பெயின்ட் வாசனை மூச்சை அடைத்தது. மோட்டார் முனகல் நின்றுவிட்டிருந்தது.

டோரீன் ஜன்னலோரம் நின்றாள். மஞ்சள் மழைக்கோட்டு. யார் மாட்டிவிட்டார்கள்? அவளால் கையை மடக்கவே முடியாதே.

உள்ளங்கை கண்ணாடியில்.

"டோரீன்."

மூச்சுக்கு நேராக இருந்த கண்ணாடியில் ஆவி படியவில்லை. கன்னத்தைத் தொட்டார். வழுவழுப்பு. காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வழியாகக் கோட்டுக்குள் இறங்கியது ஒரு மெல்லிய கோடு, அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடம். நகத்தால் சுரண்டினார். தோல் இல்லை.

அவளைக் கண்ணாடியிலிருந்து பிடித்து இழுக்கப் போனார். வலது கை விரியவில்லை. எதையோ பிடித்திருப்பதுபோல், ஒரு கைப்பிடியைப் பிடித்திருப்பதுபோல், விரல்கள் மடங்கிக்கொண்டன.

ஓட்டுநரையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தார்.

கால் நகரவில்லை. கழுத்து மெல்லத் திரும்பியது, அவர் திருப்பாமலே, ஜன்னலுக்கு நேராக. தெருவில் ஒரு லாரி வந்து நின்றது. பின்கதவு திறந்தது. கூரைவரை டப்பாக்கள்.

பக்கத்தில் டோரீனின் கண் மட்டும் அசைந்தது. அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்து, பெயின்ட் அடித்த கன்னத்தில் ஒட்டாமல் உருண்டது.