மீட்டர் நிலவறையில் இருக்கிறது

மணி மூன்று பத்து. போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் டெலிபோன் அலறியது.

“எங்க அக்கா… நிலவறைப் படிக்குக் கீழ கெடக்கா… மூச்சு இல்ல… தயவு செஞ்சு யாராவது வாங்க… ரொம்ப தேங்க்ஸ்!”

அந்த நிலைமையிலும் தேங்க்ஸ் சொன்னவளின் பெயர் ஐரீன் வோய்டாஸ். வயது ஐம்பத்தெட்டு.

செத்துக் கிடந்தவள் பெர்னடீன். ஒன்பது வயது மூத்தவள். கல்யாணம் ஆகாத இரண்டு பேரும் ஸ்க்ராண்டன் நகரின் தெற்குக் கோடியில், அப்பா கட்டிய வீட்டிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

துப்பறியும் அதிகாரி க்வென் ப்ரிட்சர்ட் பன்னிரண்டு மரப்படிகள் இறங்கிப் பார்த்தாள்.

பின்மண்டையில் ரத்தம். வலது கை கடைசிப் படியைப் பிடித்தபடி கிடந்தது. சுவரில் கேஸ் மீட்டர் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“கால் தவறி விழுந்திருப்பாங்களோ மேடம்?” சார்ஜெண்ட் ஸால் கேட்டான்.

“இடது மணிக்கட்டைப் பாரு ஸால். நாலு விரல் பதிஞ்சிருக்கு. யாரோ பிடிச்சு இழுத்திருக்காங்க!”

ஐரீன் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கில் மாவு ஒட்டியிருந்தது.

“எங்கம்மா இருந்தீங்க?”

“சர்ச் ஹால்ல மேடம். தவக்கால வெள்ளிக்கிழமை விற்பனைக்குப் பியரோகி பிடிக்கணும்ல… நாங்க பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்து பிடிப்போம். உருளைக்கிழங்கு பூரணம் வெச்ச கொழுக்கட்டை. திரும்பி வந்து பார்த்தா… அக்கா…”

அழுகை மேலே பேச விடவில்லை. க்வென் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

“ரொம்ப தேங்க்ஸ் மேடம்.”

எதிர்வீட்டு மிஸஸ் டோலன் வேலியோரம் தயாராக நின்றாள். சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

“நான் பார்த்தேன் மேடம்! ஒண்ணே முக்காலுக்கு! கேஸ் கம்பெனி மாத்தச் சொல்லி வருவானுங்களே… அந்தக் கும்பல்ல ஒருத்தன். பச்சைச் சட்டை. காலைக் கதவுக்குள்ள விட்டுக்கிட்டு நகரவே மாட்டேங்கறான்!”

“உள்ள நின்னது யாரு?”

“அது தெரியல. அவன் முதுகுதான் தெரிஞ்சுது. பெர்னடீனாத்தான் இருக்கணும். இவனுங்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. போன மாசம் ஒருத்தனைத் தோட்டத்துக் குழாயால தண்ணி அடிச்சுத் துரத்தினா. அதுவும் இந்தக் குளிர்ல!”

பென்சில்வேனியாவில் கரண்டையும் கேஸையும் எந்தக் கம்பெனியிடம் வாங்குவது என்பது அவரவர் இஷ்டம். அந்த இஷ்டத்தை மாற்றத்தான் வாரத்துக்கு நாலு பேர் கதவைத் தட்டுகிறார்கள். ‘வராதே’ என்று பலகை மாட்டினால், பலகை நன்றாயிருக்கிறது என்று பேச்சை ஆரம்பிப்பார்கள்.

பச்சைச் சட்டைக்காரனைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டின் பெல்லை அடித்துக்கொண்டிருந்தபோதே பிடித்தார்கள்.

பெயர் டஸ்டின் ரோரர். முப்பத்துநாலு வயது.

“கொலையா?!” ஸ்டேஷனில் அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. “மேடம்… எனக்கு ஏழு வயசுல பொண்ணு இருக்கு. ஸ்கூல் விட்டா நான்தான் கூட்டிக்கிட்டு வரணும். நான் எதுக்கு மேடம் கொலை பண்றேன்?”

“உன் மேல பதினாலு புகார் இருக்கு டஸ்டின். கதவுக்குள்ள கால் விட்டேன்னு மட்டும் ஒன்பது!”

“அது தொழில் மேடம்! கதவை மூடிட்டா வியாபாரம் போச்சு. ஆனா அந்த அம்மா கையெழுத்தே போட்டுட்டாங்க. சந்தோஷமா வந்துட்டேன்!”

“பெர்னடீனா கையெழுத்துப் போட்டாங்க? கதை விடாதே!”

“சத்தியமா! மீட்டர் நம்பர் வேணும்னேன். மீட்டர் நிலவறைல இருக்குன்னாங்க. நான் இறங்கிப் பார்த்துட்டு வர்றேன்னேன். உடனே பதறிப்போய், ‘வேணாம், வேணாம், பில்லு இருக்கு, எங்க கையெழுத்துப் போடணும்’னு கேட்டாங்க. நாலு தடவை கேட்டுப் பார்த்தேன். நாலு தடவையும் வேணாம்னாங்க. அப்புறம் சம்மதம்தானான்னு சரிபார்க்கிற கம்பெனிகிட்ட வீட்டுப் போன்லயும் பேசினாங்க. அதுல எல்லாம் பதிவாகியிருக்கும் மேடம்!”

“நீ பக்கத்துல நின்னு மிரட்டிப் பேச வெச்சிருப்பே.”

“அது முடியாது. அந்தப் போன் பேசி முடிக்கிற வரைக்கும் நாங்க வீட்டுக்குள்ள நிக்கக் கூடாது. சட்டம். நான் நடைபாதையில போய் நின்னுட்டேன். ஏழு நிமிஷம்!”

க்வென் வெளியே வந்தாள்.

“அரசு வக்கீல் ஆறு மணிக்குள்ள குற்றம் சாட்டிடலாம்கிறார் மேடம்,” என்றான் ஸால். “சாட்சி இருக்கு. புகார் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?”

“அந்தப் பதிவு வேணும். வாங்கு.”

நாலேமுக்காலுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு இயந்திரக் குரல் கேள்வி கேட்டது. ஒரு பெண் குரல் பதில் சொன்னது.

“உங்கள் பெயர்?”

“பெ… பெர்னடீன் வோய்டாஸ்.”

“எங்கள் விற்பனையாளர் வீட்டை விட்டு வெளியேறிவிட்டாரா?”

“ஆமாப்பா… வெளியதான் நிக்கறார்.”

“உங்கள் சம்மதத்துக்கு நன்றி.”

“ரொம்ப தேங்க்ஸ்ப்பா… நீயும் நல்லா இரு.”

ஸால் சிரித்துவிட்டான். “மெஷினுக்கே தேங்க்ஸ் சொல்றாங்களே!”

க்வென் சிரிக்கவில்லை. மிஸஸ் டோலனுக்குப் போன் போட்டு, அந்தக் குரலை ஓட விட்டாள்.

“இது பெர்னடீனா? நல்லாக் கேட்டீங்க போங்க! பெர்னடீன் பாதிரியாருக்கே தேங்க்ஸ் சொல்ல மாட்டா. இது ஐரீன்!”

சர்ச் ஹாலுக்கு அடுத்த போன். பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய ஐரீன் இன்றைக்கு வந்தது இரண்டேகாலுக்கு. முப்பது வருஷத்தில் அவள் தாமதமாக வந்தது இதுதான் முதல் தடவையாம்.

க்வென் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை மறுபடி ஓட விட்டாள். மூன்றாவது நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“என்ன மேடம்?”

அவள் ஹெட்போனை ஸாலிடம் நீட்டினாள். அவன் கேட்டான். கேட்டுவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஐரீனை அழைத்து வந்தார்கள்.

“வக்கீல் யாராவது வெச்சுக்கறீங்களாம்மா?”

“வேணாம் மேடம். ரொம்ப தேங்க்ஸ்.”

“ஒண்ணே முக்காலுக்கு வீட்டுலதான் இருந்திருக்கீங்க. போன்ல அக்கா பேரைச் சொன்னது நீங்கதான்.”

மறுப்பாள் என்று ஸால் எதிர்பார்த்தான். ஐரீனுக்கு மறுத்துப் பழக்கமில்லை.

“ஆமா மேடம்,” என்றாள். “பில்லு அக்கா பேர்ல இருக்கு. அதான்.”

“என்ன நடந்துச்சு?”

“லென் என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு கேட்டார். ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார். பொண்டாட்டி இல்லாதவர். நல்ல மனுஷன். நான் சரின்னுட்டேன். இன்னிக்கு அக்காகிட்ட மோதிரத்தைக் காட்டினேன்.”

“கோபப்பட்டாங்களா?”

“சிரிச்சா மேடம். போன வருஷம் ஒரு கரண்ட் கம்பெனிக்காரன் ரெண்டு மணி நேரம் நின்னான்னு பாவப்பட்டுச் சரின்னு சொல்லிட்டேன். பில்லு தாறுமாறா ஏறிப்போச்சு. அதுலேர்ந்து அதையேதான் சொல்லுவா. ‘அன்னிக்குக் கரண்ட்டுக்காரன், இன்னிக்கு லென். வாசல்ல எவன் வந்து நின்னாலும் உனக்கு வேணாம்னு சொல்லத் தெரியாது. நானே அவனுக்குச் சொல்லிடறேன்’னு என் போனைப் பிடுங்கினா. நான் கையைப் பிடிச்சேன். குடுன்னேன். தரல. வாழ்க்கையில முதல் தடவையா ‘முடியாது’ன்னு கத்தி… தள்ளிட்டேன்…”

“நிலவறைக் கதவு?”

“உருளைக்கிழங்கு எடுக்கத் திறந்து வெச்சிருந்தா மேடம்! அவ பின்னால படி இருந்தது எனக்குத் தெரியல… அக்கா போயே போயிட்டா… மேலேர்ந்து மூணு தடவை கூப்பிட்டேன். பேச்சு மூச்சு இல்ல. அப்பதான் பெல் அடிச்சுது.”

டஸ்டின்!

“நிலவறைக் கதவைச் சாத்திட்டு ஓடினேன். போகச் சொன்னா போகல. மீட்டரைப் பார்க்கணும், மீட்டரைப் பார்க்கணும்னான். அக்காவை அப்படிப் பார்த்துடுவானேன்னு எல்லாத்துக்கும் சரி சரின்னேன். அவன் போனதும் கை கால் ஓடல. சர்ச்சுக்குப் போய் மாவு பிசைஞ்சேன். பாவி நான்… அக்கா கெடக்கறா, நான் மாவு பிசையறேன்!”

மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒண்ணுதான் மேடம் எனக்கு ஆறுதல். அக்காவுக்கு வலிச்சிருக்காது. விழுந்த உடனே உயிர் போயிடுச்சு. இல்லைங்களா?”

க்வென் குனிந்து பார்த்தாள்.

டாக்டரின் அறிக்கை அவள் மடியில் இருந்தது. உயிர் போன நேரம் சுமார் இரண்டரை.

ஸால் அவள் காதருகில் குனிந்தான். “வேணாம் மேடம். அந்தப் பதிவைப் போட்டுக் காட்டாதீங்க. தாங்க மாட்டாங்க.”

“கோர்ட்டுல ஜூரி பன்னிரண்டு பேர் பார்த்துக்கிட்டு இருக்கும்போது கேக்கறதுக்கு இங்கயே கேக்கட்டும் ஸால்.”

பட்டனை அழுத்தினாள்.

“உங்கள் முகவரி சரிதானா?” என்றது இயந்திரம்.

“ஆமா… ஆமா…”

சின்ன மௌனம். எங்கோ கீழேயிருந்து… கதவுக்கு அந்தப் பக்கமிருந்து… தேய்ந்துபோன ஒரு குரல்.

“ரீனி…”

ஐரீனின் கண்கள் நிலைகுத்தின.

“இந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதமா?”

“சரி… சரிப்பா…”

“ரீனி… வலிக்குதுடி… வாயேன்…”

“நிறுத்துங்க!”

ஐரீன் போட்ட அலறலில் வராந்தாவில் நின்ற காவலர்கள் ஓடிவந்தார்கள்.

“அக்கா! அக்கா! ரீனின்னு கூப்பிடறது அவ ஒருத்திதான் மேடம்! உயிரோட இருந்திருக்கா! என்னைக் கூப்பிட்டிருக்கா! போனைக் காதுல வெச்சுக்கிட்டு இருந்தேனே… மெஷினுக்குப் பதில் சொன்னேனே… அவளுக்குச் சொல்லலையே!”

க்வென் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அதிகாரி செய்யக் கூடாத காரியம்தான். செய்தாள்.

ஐரீன் முதல் தடவையாகத் தேங்க்ஸ் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு டஸ்டினை விட்டுவிட்டார்கள். பச்சைச் சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசலில் தயங்கி நின்றான்.

“அந்த அம்மா ஏன் மேடம் அவ்வளவு சீக்கிரம் கையெழுத்துப் போட்டாங்க?”

க்வென் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. நடைபாதையில் அவன் நின்ற ஏழு நிமிடமும் பெர்னடீன் உயிரோடு கிடந்ததைச் சொன்னாள்.

டஸ்டின் படியில் உட்கார்ந்துவிட்டான்.

“நாலு தடவை கேட்டேன் மேடம்… அஞ்சாவது தடவையும் கேட்டு, பிடிவாதமா இறங்கியிருந்தா…?”

“பொழைச்சிருப்பாங்க.”

“ஆனா அவங்க வேணாம்னுட்டாங்களே…”

க்வென் கண்களைத் துடைத்துக்கொண்டு கார் சாவியை எடுத்தாள்.

“ஊர்ல எவன் வேணாம்னாலும் கேக்க மாட்டே! இன்னிக்குன்னு பார்த்துத்தானா நீ மரியாதை தெரிஞ்ச மனுஷனா ஆகணும் டஸ்டின்?”