எனக்கு முன்னே வந்த பெட்டி

விமானம் தரையைத் தொட்டபோது எனக்குக் கோபம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. முதல் விமானம் நாலு மணி நேரம் தாமதம். அதனால் வழியில் மாற வேண்டிய இரண்டாவது விமானம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஒரு பகலும் ஒரு இரவும் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தேன். கைபேசியும் செத்துப்போனது. கடைசியில் வந்து இறங்கினால், எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாத மழை. சுற்றி வந்த பெட்டிகளில் என் பெட்டி மட்டும் இல்லை.

கவுண்ட்டரில் இருந்த பெண் என் சீட்டை வாங்கித் திரையில் தேடினாள். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான். பெட்டி வேறொரு விமானத்தில் நேற்றே வந்துவிட்டது. மத்தியானமே வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். வாங்கிக் கையெழுத்துப் போட்டது ஒரு பெண்.

பெண்ணா?

என் வீட்டுக்காரர் இந்த ஊருக்கு வந்து பதினாலு மாதம். ரொட்டித் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கும் வேலை. தனியாக இருக்கிறார், பாவம் என்றுதான் என் தையல் கடையை மூடிவிட்டுக் கிளம்பி வந்தேன். சந்தேகப் பிராணி என்று நாத்தனார் எனக்குப் பட்டமே கொடுத்திருக்கிறாள். கொடுக்கட்டும். இருபது வருஷம் ஊசியும் கையுமாக இருந்தவளுக்கு ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் படும்.

கவுண்ட்டர் போனிலிருந்தே அவரைக் கூப்பிட்டேன்.

"நாந்தாங்க. இப்பதான் வந்து இறங்கினேன்."

"யாரு?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "அங்கேயே இரு," என்றார்.

டாக்சியில் அவர் கதவோரமாக ஒட்டி உட்கார்ந்துகொண்டார். பதினாலு மாதம் கழித்துப் பார்க்கிற பெண்டாட்டியின் கையைக்கூடத் தொடவில்லை. ஓரக்கண்ணால் என் முகத்தையே அளந்துகொண்டு வந்தார். பெட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்று மென்று முழுங்கினார். இதற்காகவா கடையை மூடினேன்?

ஆறாவது மாடி. பகல் மூன்று மணிக்கே நடைவழியில் விளக்கு எரிந்தது. ஈரக் கம்பளத்தின் வாடை. கதவருகே நின்று, பையிலிருந்து சாவியை எடுத்தவர், அதைப் போடாமல் அழைப்பு மணியை அழுத்தினார்.

"ஆளில்லாத வீட்டுக்கு யாருங்க பெல் அடிப்பாங்க?"

அவர் காதைக் கதவில் வைத்துக் கேட்டார். அப்புறம்தான் திறந்தார். உள்ளே போனதும் படுக்கையறை, குளியலறை, சமையலறை என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்.

படுக்கையறையில் என் பெட்டி திறந்து கிடந்தது. என் புடவைகள் அலமாரியில் வரிசையாகத் தொங்கின. கட்டில்மேல் என் பிளவுஸ்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

மேலே இருந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

பிற்பாடு உடம்பு வைத்தால் உதவும் என்று பிளவுஸின் இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டு மூன்று தையல் போடுவது எங்கள் வழக்கம். அந்த மூன்றும் பிரிக்கப்பட்டிருந்தன. துணியின் கடைசி விளிம்பை ஒட்டிக் கையால் புதுத் தையல் ஓடியது. என்னைவிட ரெண்டு சுற்றுப் பெருத்தவளுக்கு.

"எவ அவ?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "என் துணியைப் பிரிச்சுப் போட்டுக்கிற அளவுக்கு வந்தாச்சா? சொல்லுங்க, எவ?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றார்.

"நீதான்," என்றார்.

"என்ன?"

"நேத்து நீதான் வந்த. கீழ காவலாளிகிட்ட சாவி வாங்கிட்டு வந்திருக்க. நான் வேலை முடிஞ்சு வரும்போது இதே கட்டில்ல உக்காந்து தைச்சிட்டிருந்த. தலையெல்லாம் ஈரம். பேசவே இல்ல. களைப்புன்னு நினைச்சேன். காலையில நான் கிளம்பும்போதும் சுவரைப் பாத்துப் படுத்திருந்த." அவர் கட்டிலைக் காட்டினார். "மத்தியானம் நீ போன் பண்ற, இப்பதான் இறங்கினேன்னு."

நல்ல கதை என்று சொல்ல வாயெடுத்தேன்.

கையிலிருந்த தையல் கண்ணில் பட்டது.

நான் இடதுகைக்காரி. என் தையல் மற்றவர்கள் தையலுக்கு எதிர்ப்பக்கம் சாயும். முடிச்சுப் போடும்போது நூலை மூன்று முறை சுற்றுவேன். ஒருத்தரிடமும் கற்றுக்கொண்டதில்லை, ஒருத்தருக்கும் கற்றுக்கொடுத்ததும் இல்லை.

மூன்று சுற்று. எதிர்ச்சாய்வு.

என் தையல்.

கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மனிதர் பொய் சொல்லவில்லை. டாக்சியில் அவர் என்னை அப்படிப் பார்த்ததும் இப்போது புரிந்தது. நான் அவரைச் சந்தேகப்பட்ட நேரமெல்லாம் அவர் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

"என்னைப் பாருங்க. நான்தாங்க நான்."

"அவளும் இப்படித்தான் இருந்தா. கொஞ்சம் பருமன், அவ்வளவுதான்."

"அப்ப இதைப் போட்டுக் காட்டறேன். எனக்குத் தொளதொளன்னு தொங்கும். அதுக்கப்புறமாவது நம்புவீங்களா?"

மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் என் பதினெட்டு வருஷக் குடித்தனம் இருந்தது. போட்டிருந்ததைக் கழற்றிவிட்டு அந்த பிளவுஸுக்குள் கையை நுழைத்தேன். துணி சில்லென்றிருந்தது.

முதல் கொக்கி மாட்டியது.

இரண்டாவதை இழுத்து மாட்ட வேண்டியிருந்தது.

கடைசிக் கொக்கியை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். பக்கவாட்டில் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் நுழைய இடமில்லை. அளவெடுத்துத் தைத்தமாதிரி உடம்போடு உடம்பாகப் பிடித்திருந்தது.

அவர் ஒரு எட்டுப் பின்னால் போனார்.

"இல்லைங்க... இருங்க, இது எப்படி..."

அப்போது, அவர் சற்றுமுன் பார்த்துவிட்டு வந்த ஆளில்லாத சமையலறையிலிருந்து குரல் வந்தது. மெதுவாக, களைத்துப்போய், என் குரலில்.

"என்னங்க... யாரு வந்திருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். என் தோளை, இடுப்பை, இறுகின கொக்கிகளைப் பார்த்தார். அத்தனை பயத்தோடு அவர் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "இதோ வந்துட்டேம்மா," என்று நடந்தார்.