நிறஞ்சலா அக்கா வீட்டுக்குப் போன அம்பு

ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்று மாலை வகுப்பில் ஒரு பிழை விட்டேன். கேட்காமலே ஒரு அம்பு போட்டுவிட்டேன்.

ஜுனைதீன் சேர் தந்த பயிற்சி இலகுவானது. அவரவர் ஒழுங்கையில், குடியிருக்கும் சின்னத் தெருவில், யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று வரைய வேண்டும். வீட்டுக்கு ஒரு புள்ளி, உதவிக்கு ஒரு அம்பு. நான் நிறஞ்சலா அக்காவுக்குச் சாப்பாடு போகும் வழியை எடுத்தேன். கணவர் கடலோடு போனவர், பிள்ளைகள் இல்லை. கால் முறிந்து, பிளாஸ்ரர் போட்டு, எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனியாகப் படுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஒழுங்கையே அவருடைய கட்டிலைச் சுற்றி நின்று, நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று சொன்னது. நானும் சொன்னேன். யார் என்று ஒருவரும் பேசவில்லை.

நேற்று வீடு வீடாகக் கேட்டேன். றஞ்சிதம் மாமி, அலெக்ஸாண்டர் அண்ணை வீட்டைக் காட்டினார். அலெக்ஸாண்டர் அண்ணை புஸ்பம் அக்காவைக் காட்டினார். புஸ்பம் அக்கா வலையின் கிழிசல் பொத்துவதை நிறுத்தாமலே சிரித்தார். "உன்ர அம்மாதானே குடுக்கிறா. தெரியாத பிள்ளை மாதிரிக் கேக்கிறாய்."

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குத் தடித்த அம்பு வரைந்தேன். அம்மாவைக் கேட்கவில்லை.

சேர் அந்த அம்பில் விரலை வைத்து, இதை யாரிடம் கேட்டீர்கள் என்றார். அவர் அதை அழித்தார். பிறகு கரும்பலகையைக் காட்டினார். போன வகுப்பு எழுதியது அப்படியே கிடந்தது. "பாத்தீங்களா? ஒருத்தர் மட்டும் வந்திருந்தா இது துடைபட்டிருக்கும். இருபது பேர் வந்திருக்கீங்க, ஒவ்வொருத்தரும் மத்தவர் துடைப்பார் எண்டு இருக்கீங்க. இதுதான் இண்டைய பாடம்." எல்லோரும் சிரித்தார்கள். நான் என் தாளைப் பார்த்தேன். கடைசிப் புள்ளிக்கு ஒரு அம்பும் போகவில்லை.

வகுப்பு முடிந்து வீடு திரும்பிய பேசாலை பஸ்ஸில், பனைகளுக்கு அப்பால் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைவதைப் பார்த்துக்கொண்டு, அம்மா ஓம், நான்தான் குடுக்கிறன் என்று சொல்ல வேண்டும், அம்மா ஓம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியே வந்தேன்.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிறஞ்சலா அக்காவுக்கு நீங்கள்தானே சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நானோ? றஞ்சிதம் மாமியெல்லே குடுக்கிறா. அங்க லைற்றும் எரியுது, நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்."

வளையம் மூடிவிட்டது. நான் அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாமல் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் மீன்குழம்பும் போட்டு, மூடிக்கொண்டு இறங்கினேன். அம்மா வெட்கப்படுவார் என்று எனக்கு நானே சொன்னேன். வெட்கம் என்னுடையது.

பொழுது பட்டு, மணல் மட்டும் வெளிச்சமாக இருந்தது. அலெக்ஸாண்டர் அண்ணையின் கருவாட்டுப் பந்தலைத் தாண்டும்போது அந்த மணம் வந்தது. போன கிழமையிலிருந்தே வருகிற, திருக்கை காய்கிறது என்று நானும் அம்மாவும் மூக்கைப் பொத்திச் சிரித்த, கடற்காற்று திரும்பும்போதெல்லாம் எங்கள் தலையணை வரை வந்த மணம். பந்தலைப் பார்த்தேன். கம்புகளில் ஒன்றும் காயவில்லை. மழைக்குப் பயந்து எப்போதோ எடுத்துவிட்டார்கள்.

மணம் குறையவில்லை. நடக்க நடக்கக் கூடியது.

கடைசி வீட்டில் லைற் எரிந்தது. கதவு உள்ளே பூட்டு. கூப்பிட்டேன். ஜன்னல் ஒரு கை அகலம் திறந்திருந்தது. முதலில் ஈக்களின் சத்தம். பிறகு கட்டில். பிளாஸ்ரர் போட்ட கால், வெள்ளையாக. அதற்கு மேலே வெள்ளை இல்லை. வீங்கியிருந்தது. கறுத்திருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே, நிலத்தில் கவிழ்ந்து கிடந்த தண்ணீர்ச் செம்புக்கு நேராக நீண்டபடி. முகம் ஜன்னல் பக்கம். வாய் திறந்து.

எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒழுங்கையை.

கோப்பை எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடினேன். பந்தலைத் தாண்டி, புஸ்பம் அக்கா வீட்டைத் தாண்டி ஓடினேன். அங்கே நின்று கத்தியிருக்க வேண்டும். ஜன்னலுக்குள் அவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாராவது பார்ப்பார்கள், யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன். இவ்வளவுக்குப் பிறகும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வாசல் படலையில் அம்மா நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"எங்கையடி சுகந்தினி போனனீ? நிறஞ்சலா பின்பக்கத்தால வந்திருக்கிறா. கால் சுகமாம். பசிக்குதாம், பாவம்."

குசினியில் கதிரையில் ஒருவர் முதுகு காட்டி இருந்தார். தலைமயிர் ஒரு பக்கமாக, படுத்துப் படுத்துச் சப்பையாகி இருந்தது. மேசைக்குக் கீழே ஒரு கால் வெள்ளை. அம்மா சோறு போட்டார். அது தீர்ந்தது. மறுபடி போட்டார். தீர்ந்தது. மெல்லும் சத்தம் இல்லை. அம்மாவின் கையில் ஈ இருந்தது. அவர் அதை விரட்டவில்லை.

"நாளைக்கு ஆற்ற வீடு?"

யார் வீடு என்று கேட்ட அந்தக் குரல் தொண்டையிலிருந்து வரவில்லை. அம்மா என்னைப் பார்த்தார், நான் சொல்வேன் என்று. நான் அம்மாவைப் பார்த்தேன். அடுப்பில் பானை காலி. கதிரை மெல்லத் திரும்பத் தொடங்கியது.

நான் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டேன். அம்மாவை அங்கே விட்டுவிட்டு வந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். இப்போது குசினியில் சத்தம் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டாம் தரமும் கூப்பிட்டேன். கதவுக்கு வெளியே நிலத்தில் ஒரு கால் இழுபடுகிறது, ஒரு கால் ஊன்றுகிறது.

நாளை: விடிந்ததும் பங்குத்தந்தையிடம் போய், கடைசி வீட்டுக் கதவை உடைக்க ஆட்கள் கேட்க வேண்டும். வேறு யாரையும் அனுப்பாமல், நானே போக வேண்டும்.